சாத்தம் போன எலிகள்

எங்கள் வீட்டில் அந்தத் தொடருக்குப் பெயர் 'கீழ்வீட்டுக்காரங்க'. அதன் நிஜப் பெயர் இந்தியில் நீளமாக வரும். மகள் மட்டும் அதை மூச்சுவிடாமல் சொல்லிவிடுவாள். எனக்கு நாக்கு பாதியிலேயே சிக்கிக்கொள்ளும் என்பதால் நான்தான் இந்தப் பெயரை வைத்தேன்.

ஏதோ ஒரு பெரிய நகரம். அதற்கு அடியில், சாக்கடைகளிலும் குழாய்களிலும் மூடிப்போட்ட பழைய சுரங்கங்களிலும் மிருகங்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கின்றன. பெருச்சாளி ஒன்று ஊர்த்தலைவர். மூஞ்சூறு ஒன்று குழாய்க்குழாயாகப் புகுந்து ஓடி எல்லாருக்கும் சேதி சொல்லும். தவளை டீச்சர் உண்டு. மனிதர்கள் என்றால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சாக்கடையை மூடிய கம்பி வழியாகத் தெரிகிற செருப்புகள்தான். ஒவ்வொரு கதையிலும் அந்தக் கம்பி வழியாக மேலேயிருந்து ஏதாவது ஒன்று விழும். ஒரு குடை, ஒரு கொலுசு, பாதி பிறந்தநாள் கேக். இது என்ன, யாருடையது, எதற்கு ஆகும் என்று கீழே பெரிய பஞ்சாயத்து நடக்கும். கேக்கைக் குழந்தைகளுக்கான மெத்தை என்று முடிவுகட்டி, எல்லாக் குட்டிகளும் அதன்மேல் படுத்துத் தூங்குகிற கதையை என் மகள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நானே நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கியது மிச்சம்.

எங்கள் வீடு அந்தமானில், பாம்பூஃப்ளாட் படகுத்துறையிலிருந்து மேலே ஏறுகிற சாலையில் இருக்கிறது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் நாங்கள். கடையை ஆரம்பித்தவர் என் மாமனார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இப்போது என் கணவர் பார்த்துக்கொள்கிறார். எனக்குப் போர்ட் பிளேரில் அரசாங்க ஆபீசில் வேலை. காலையில் ஃபெர்ரியில் எதிர்க்கரையில் இருக்கிற சாத்தம் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பிறந்த வீடும் போர்ட் பிளேரில்தான், குட்வில் எஸ்டேட்டில். "என்னைத் தண்ணி தாண்டிக் கட்டிக் கொடுத்துட்டாங்க" என்று வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவேன். அக்கரை கண்ணெதிரே தெரிகிறது என்பதை அந்த நேரத்தில் சொல்லமாட்டேன்.

கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு எங்கள் தீவில் இணையம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. மகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தாள். ஒரே ஒரு கதைதான் பார்க்கலாம் என்பது என் சட்டம். பார்த்து முடித்ததும் நேராகக் கடைக்குப் போவாள். காலி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அன்றைய கதையை அவள் அப்பாவுக்குச் சொல்லுவாள். அவர் அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை. பெருச்சாளியோ தவளையோ, அவருக்கு எல்லாம் இவள் வாயால் வந்ததுதான்.

"அப்புறம் அந்தப் பெருச்சாளி என்ன சொன்னான்?" என்று பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்பார்.

"பெருச்சாளி சொன்னாரு, குடையை யாரும் தொடாதீங்க, உள்ள மழை இருக்கும்னு."

சாமான் வாங்க வந்தவர்களும் பையை வைத்துக்கொண்டு நின்று கேட்பார்கள். தமிழ் தெரியாதவர்கள் வந்தால் இவள் இந்திக்கு மாறிக்கொள்ளுவாள். நான் ஐந்து மணி ஃபெர்ரியில் இறங்கி மேலே ஏறி வரும்போது, அவர் தராசைப் பிடித்தபடி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பது தெருவிலிருந்தே தெரியும். நாள் முழுக்க மனிதர் யாரிடமாவது கத்திக்கொண்டேதான் இருப்பார். அந்த அரைமணி நேரம் மட்டும் கத்தமாட்டார்.

இது கெட்டது ஒரு மழைக்காலத்தில்.

மழை பிடித்துக்கொண்டால் மலைப்பக்கத்து எலிகளெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். அந்த வருஷம் ரொம்பவே அதிகம். பருப்பு மூட்டையில் ஓட்டை, அரிசி மூட்டையில் ஓட்டை, துணி சோப்பைக்கூட விடவில்லை. கம்பிக்கூண்டில் சுட்ட தேங்காய்ச் சில்லைக் கட்டி வைப்போம், காலையில் ஒன்று உள்ளே இருக்கும். அதை என்ன செய்வது என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே வழிதான். கொல்லையில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர் நிற்கும். கூண்டோடு அதில் முக்கிவிட வேண்டியது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அவர் அதைச் செய்வார். அன்றைக்கு மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அவர் அதை மறந்துவிட்டார். கை கழுவக் கொல்லைக்கு வந்தவள் பார்த்துவிட்டாள்.

நான் சாயங்காலம் வந்தபோது பிஸ்கட் டின்மேல் யாரும் இல்லை. இவள் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அப்பாகூட கட்டி" என்றாள்.

நாங்கள் சின்ன வயதில் 'டூ' விடுவோம். இந்தி பேசுகிற பிள்ளைகளோடு படிக்கிற இவளுக்குக் 'கட்டி'. பெயர் எதுவானாலும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் ஒருநாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

"எலி செத்ததுக்கா இவ்வளவு?" என்றார் என் கணவர். "மளிகைக் கடைக்காரன் வீட்ல எலிக்குத் தொட்டிலா கட்டி ஆட்டுவாங்க? எல்லாம் அந்தக் கார்ட்டூனால வந்த வினை. எலியெல்லாம் பேசும், பாடும்னு நினைச்சுட்டு இருக்கு புள்ள."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பெருச்சாளித் தலைவரின் சொந்தக்காரன் ஒருவனை அப்பா கொன்றுவிட்டார் என்று பிள்ளை நினைக்கிறாள், வேறென்ன இருக்கும்?

ஒருநாள் இரண்டு நாளானது, வாரமானது. வீட்டில் எனக்குத் தபால்காரி வேலை வந்து சேர்ந்தது. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். "அம்மா, சாப்பாடு ஆச்சுன்னு அப்பாட்ட சொல்லு" என்பாள். "காதுல விழுந்துச்சுன்னு சொல்லு" என்பார் அவர். நான் இரண்டு பேருக்கும் நடுவில் கரண்டியோடு நிற்பேன். இருக்கிற ஆபீஸ் வேலை போதாதென்று இது வேறு.

முதலில் அவர் வீறாப்பாகத்தான் இருந்தார். பிறகு பெரிய கண்ணாடி ஜாடியிலிருந்து சாக்லேட் எடுத்து நீட்டிப் பார்த்தார். அவள் வாங்கினாள். வாங்கி, ஒரு ஸ்டூல் போட்டு ஏறி, அதைத் திரும்ப அந்த ஜாடியிலேயே போட்டு மூடினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைக்கு வந்த ஒருவர் "இன்னைக்குக் கதை இல்லையா?" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகள்மேல் கோபமும் வந்தது. ஆனால் யாரை அதட்டுவது, எதற்காக அதட்டுவது என்று தெரியவில்லை.

ஒருநாள் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்த மூஞ்சூறு நல்லவனா, கெட்டவனா?"

"எந்த மூஞ்சூறு?"

"அதான், குழாய்ல ஓடுறவன். போன கதையில தவளை டீச்சரைப் பத்திக் கோள் சொன்னான்ல."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே வந்து, மனிதர் தனியாக உட்கார்ந்து 'கீழ்வீட்டுக்காரங்க' பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதல் கதையிலிருந்து, வரிசையாக. நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு முகம் சிவந்துபோனது. "வியாபாரத்துக்கு வர்றவங்க கேக்குறாங்க, தெரிஞ்சு வச்சுக்கணும்ல" என்றார்.

அந்தத் தொடரில் வழிதவறி வருகிற எந்த மிருகத்துக்கும் பெருச்சாளித் தலைவர் ஒரு குழாயை ஒதுக்கிக் கொடுப்பார். அதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்திருக்க வேண்டும். மறுநாள் சாப்பிடும்போது என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "இனிமே இந்த வீட்ல எலியைக் கொல்றதா இல்ல. பிடிச்சு, பத்திரமா கீழ்வீட்டுக்காரங்ககிட்ட ஒப்படைச்சிரலாம்னு இருக்கேன்."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, நம்ம ஊருக்குக் கீழ யாரும் இல்லன்னு அப்பாட்ட சொல்லு. தோண்டினா தண்ணிதான் வரும்."

"இங்க இல்லதான். போர்ட் பிளேர்ல இருக்கும்னு சொல்லு. அது சிட்டி. நாளைலருந்து சாத்தம் கொண்டுபோய் விடுறேன்."

போர்ட் பிளேர் சாக்கடைகளைத் தினமும் தாண்டிப் போகிறவள் நான். குனிந்து ரசம் ஊற்றினேன். அவருக்கு இதில் கடைக்காரக் கணக்கும் ஒன்று இருந்தது. இக்கரையில் எங்கே விட்டாலும் எலி திரும்பி வந்துவிடும், நடுவில் கடல் இருந்தால் வராது என்பது அவர் கட்சி.

மகள் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "சரின்னு சொல்லு" என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டு எலிகள் சாத்தம் போக ஆரம்பித்தன. கூண்டைத் துணிக்கடைப் பையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, காலையில் கடையைக்கூடத் திறக்காமல் ஃபெர்ரி ஏறிவிடுவார். சாத்தத்தில் இறங்கி, வண்டிகள் ஃபெர்ரிக்காக வரிசையில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சாக்கடையில் திறந்துவிட்டு அடுத்த படகில் திரும்புவார். வந்ததும் எனக்குச் சொல்வது மாதிரி அவளுக்குச் சேதி சொல்லுவார். நான் ஆபீஸ் போய்விட்டால் சாயங்காலம்வரை காத்திருந்து, நான் வந்த பிறகு சொல்லுவார். எனக்குச் சொன்னால்தானே அவளுக்குச் சொன்னதாகும்.

"இன்னைக்குப் போனவன் கொஞ்சம் கூச்சக்காரன். எட்டிப் பாத்தான், உள்ளருந்து ஒரு கிழட்டு எலி வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. மாமனா இருக்கும்."

மகள் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல உட்கார்ந்திருப்பாள், பென்சில் நகராது. "அங்க பூனை இருக்கான்னு கேளு" என்பாள். "படுக்க இடம் காய்ஞ்சிருந்துச்சான்னு கேளு" என்பாள். அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்லுவார். சட்டென்று சொன்னால் பொய் என்று தெரிந்துவிடுமாம். பிள்ளை எல்லாவற்றையும் நம்புகிறாள் என்று இரண்டு பேரும் உருகிப்போனோம். வாயில் பொய்யே வராத மனிதர், ஒரு எலிக்கு மாமனையும் அத்தையையும் உண்டாக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பிடித்ததில்லை. ஆனால் மகள் இன்னும் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் காலையில் அவர் முதல் படகிலேயே, கூண்டைக்கூடப் பார்க்காமல், போர்ட் பிளேர் கொடவுனுக்குப் போய்ச் சரக்கு எடுத்து, டெம்போவோடு வரவேண்டியிருந்தது. எலிப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்றைக்குக் கூண்டில் இருந்தவனுக்குப் பாதி வால்தான். மீதி எங்கே போயிற்றோ, பழைய காயம். ஆபீஸ் பை ஒரு தோளில், எலிப் பை ஒரு கையில் என்று ஃபெர்ரியில் போய் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் தினமும் ஒரு வங்காளி டீச்சர் உட்காருவார். படகு நகர்ந்ததும் பைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். டீச்சர் துண்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு இந்தியில் கேட்டார்: "எலிக்கு டிக்கெட் எடுத்தாயா?"

நான் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. "அக்கரையில் எங்கள் ஸ்கூலில் ஏன் இத்தனை எலி என்று இப்போதுதான் புரிகிறது" என்றார். இறங்கும்போது காலை ஜாக்கிரதையாகக் கீழே வைத்தார்.

சாக்கடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கூண்டைத் திறந்தால், பாதி வால்காரன் வெளியே வரவே மாட்டேன் என்கிறான். வரிசையில் நின்ற டிரைவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். சேலையோடு நான் கூண்டைக் கவிழ்த்து உலுக்கினேன். கடைசியில் தொப்பென்று விழுந்தான். விழுந்தவன் சாக்கடைப் பக்கம் போகவில்லை, நேராக வண்டிகளுக்கு அடியில் ஓடிவிட்டான். சாயங்காலம் வீட்டில், "அழகா இறங்கிப் போனான், தவளை டீச்சரே வந்திருந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு நான் சளைத்தவளா என்ன?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கொல்லையிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்ட குரலே ஒரு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். கூண்டுக்குள் பாதி வால்காரன் உட்கார்ந்து தேங்காயைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"இவன் எப்படி வந்தான்?" என்றேன்.

அவர் கூண்டையே பார்த்தார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நம்ம டெம்போ! நேத்து அந்த வரிசைலதான நின்னுச்சு! நான் டீ குடிக்கப் போயிருந்தேன். உருளைக்கிழங்கு மூட்டைக்குள்ள ஏறி, நீ ஆபீஸ்ல இருந்து வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டான்டி." கொஞ்சம் யோசித்தார். முகம் மாறியது. "ஒவ்வொரு தடவையும் அங்கதான் விட்டேன். ஒவ்வொரு தடவையும் நம்ம சரக்கு அங்கதான் நிக்கும். அப்ப இத்தனை நாளா நானே கொண்டுபோய் விட்டு, நானே வாடகை குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேனா?"

நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவரும் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து வீட்டில் கேட்ட சிரிப்புச் சத்தம் அது. மகள் தூக்கக் கலக்கத்தோடு கதவில் வந்து நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்தபோதும் அவள் சிரிக்கவில்லை. கிட்டே வந்து கூண்டைப் பார்த்தாள்.

"பாப்பாட்ட கேளு" என்றார் அவர், இன்னும் சிரித்துக்கொண்டே. "இவனைக் கீழ்வீட்டுக்காரங்க வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க போல. இப்ப என்ன செய்யலாம்னு கேளு."

நான் கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அது கார்ட்டூன்."

அவர் சிரிப்பு நின்றது. அவரிடம் அவள் பேசியதுதான் காரணம். என்ன சொன்னாள் என்பது இரண்டு பேருக்கும் அப்புறம்தான் உறைத்தது.

"அங்க வீடெல்லாம் இல்ல. வெறும் நாலாதான். எனக்குத் தெரியும்" என்றாள். சாக்கடையை அவள் நாலா என்றுதான் சொல்லுவாள்.

"அப்ப ஏன் பாப்பா சரின்னு சொன்ன?"

"நீங்க தண்ணில முக்க மாட்டீங்கல்ல. அதான்."

அவர் கூண்டை மெல்லக் கீழே வைத்தார். "எலியைக் கொன்னதுக்குத்தான கட்டி விட்ட?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அழுகை வருகிறது என்று உதட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அழவில்லை.

"நீங்க போன்ல பேசிட்டே முக்கினீங்க. வெங்காயம் இன்னும் வரலயான்னு கேட்டீங்க. அவங்க என்னமோ சொன்னாங்க, நீங்க சிரிச்சீங்க. அது உள்ள கம்பியைப் பிடிச்சுட்டு இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க அதைப் பாக்கவே இல்லப்பா. ஒரு தடவகூட."

கார்ட்டூன், கார்ட்டூன் என்று இரண்டு பெரியவர்கள் இத்தனை நாளும் கடலைத் தாண்டித் தாண்டி எலி சுமந்திருக்கிறோம். பிள்ளை சொன்னது முழுக்க முழுக்க அவள் அப்பாவைப் பற்றி.

அவர் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். வியாபாரம், நஷ்டம், அவசரம் என்று ஏதாவது சொல்லுவார். அவர் தரையில் உட்கார்ந்தார். மழை ஈரம் இன்னும் காயாத சிமெண்ட் தரை, வேட்டி நனைந்தது.

"ஆமா" என்றார். "பாக்கல, பாப்பா."

அவளும் உட்கார்ந்தாள், ஒரு முழம் தள்ளி. கூண்டு இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. பாதி வால்காரன் தேங்காய்ச் சில்லை முன்னங்கால்களில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடித்துக்கொண்டிருந்தான். மீசை துடித்துக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யலாம்?" என்று அவளிடமே கேட்டார். இந்தத் தடவை என் பக்கம் திரும்பவில்லை.

"மொதல்ல சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள்.

கடைப் பக்கமிருந்து யாரோ இந்தியில், அண்ணே என்கிற மாதிரி, "பையா, ஓ பையா" என்று கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைதான் வியாபாரம் மும்முரமாக இருக்கும் நேரம். மறுபடியும் கூப்பிட்டார்கள், இந்தத் தடவை மேசையைத் தட்டிக்கொண்டே. என் கணவர் எழுந்திருக்கவில்லை. நான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.